இறகுப்பந்து வீரர் குணாளன்

ஆனி, ஆடித் திங்கள்களில் கொங்கு நாட்டில் வீசும் காற்றைப் பற்றி அந்நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் அக்காற்று, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம் ஆகிய ஊர்களின் தென்னைகளை வளைத்துக்கொண்டு கிழக்கு நோக்கி விரையும். காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தரும் அதே காற்று, ஆடுகளத்தில் இறங்கினால் பகையாகிவிடும். ஆயினும் அந்நாட்களில் பள்ளித் திடல்களில் பூப்பந்தாட்டம் நின்றுவிடுவதில்லை. மஞ்சள் நிறக் கம்பளி நூலாற் செய்த அப்பந்து காற்றை ஓரளவு தாங்கும். இறகுப்பந்தோ தாங்காது. பதினாறு இறகுகளைத் தக்கையிற் செருகிச் செய்யப்பெறும் அதன் எடை ஐந்து கிராமை ஒட்டியது. பலகணி வழியே நுழையும் இளங்காற்றுக்கூட அதன் போக்கை மாற்றிவிடும். ஆதலின் அவ்வாட்டத்திற்குக் கூரையும் சுவரும் உடைய மண்டபம் வேண்டும்.

வேறுபாடு அவ்வளவோடு முடியவில்லை. ஐவர் ஓர் அணியாக நின்றாடும் பூப்பந்தாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் காக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இறகுப்பந்தின் இரட்டையர் ஆட்டத்தில் நிற்பவர் இருவரே. அவ்விருவருக்கும் நிலையான இடம் இல்லை. ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர வேண்டும். கண்ணால் பாராமலே துணைவர் நிற்கும் இடத்தை அறிய வேண்டும். அத்தகைய அரிய ஆட்டத்தில் உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவராக விளங்கிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் கடல் கடந்த மலேசிய நாட்டைச் சேர்ந்த குணாளன் ஆவார்.

குணாளன் 1944ஆம் ஆண்டு பிறந்தார். அப்பொழுது மலாய் நாடு சப்பானியப் படையின் பிடியில் இருந்தது. போர் முடிந்து, அரிசிப் பஞ்சமும் அச்சமும் நீங்கிய நாட்டில் மக்களின் உள்ளத்தை முதலிற் கவர்ந்த ஆட்டங்களுள் ஒன்று இறகுப்பந்தாகும். நாடுகளுக்கிடையே நடைபெறும் தாமஸ் கோப்பைப் பந்தயம் 1949ஆம் ஆண்டு முதன்முதலாக நடந்தது. சுதந்தரம் பெறாத மலாய் நாடு அக்கோப்பையை வென்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. 1952ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் மீண்டும் வென்றது. வோங் பெங் சூன், எட்டி சூங் என்னும் வீரர்களின் பெயர்கள் ஊர்தோறும் ஒலித்தன. முதற் கோப்பை வந்தபோது குணாளனுக்கு வயது ஐந்து. மூன்றாம் கோப்பையின்போது பதினொன்று. விளையாட்டில் விருப்பமுள்ள ஒரு சிறுவனின் கையில் மட்டையைத் திணிக்க இதைவிட வேறொன்றும் வேண்டா.

அக்கால வீரர்களுட் பெரும்பாலோர் சீன இனத்தவர். அவர்களிடையே தமிழ்ப் பெயருடன் ஓர் இளைஞர் முன்னேறி வந்தது பலருடைய கவனத்தையும் ஈர்த்திருக்க வேண்டும். பஞ்சாட்சரம் என்னும் பெயரின் முற்பகுதி சுருங்கிப் பஞ்ச் என்றாயிற்று. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் குத்து என்னும் பொருளும் உண்டாதலால், ஆடுகளத்து வீரருக்கு அப்பெயர் நன்கு பொருந்திவிட்டது. பஞ்ச் குணாளன் என்றே உலகம் அவரை அறிந்தது.

இந்நாளில் இறகுப்பந்து வீரர் பெரும்பொருள் ஈட்டுவதைக் காண்கிறோம். குணாளன் ஆடிய நாட்களில் நிலைமை வேறு. அக்காலத்துப் பெரும் பந்தயங்களில் வெற்றி பெற்றோர்க்குப் பரிசுப் பணம் கிடையாது. கோப்பையும் பதக்கமும் புகழுமே கிடைத்தன. பணப்பரிசு வழங்கும் திறந்த பந்தயங்கள் தொடங்கியபோது, அதாவது 1970களின் இறுதியில், அவருடைய சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவருக்குரிய உழைப்பை, தொழிலின் ஊதியம் இன்றியே அவர் தலைமுறையினர் தந்தனர்.

இரட்டையர் ஆட்டத்தின் நுட்பத்தைச் சிறிது அறிந்தாலன்றி அவ்வுழைப்பின் அருமை விளங்காது. ஆடுகளத்தின் நீளம் 44 அடி. அகலம் ஒற்றையர்க்கு 17 அடி, இரட்டையர்க்கு 20 அடி. ஆட்களோ இரு மடங்கு. இடமோ மூன்றடியே மிகுதி. எனவே வெற்றிடம் என்பது அரிதாகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் பந்தை உயரத் தூக்கிப் பின்கோட்டருகே விழச் செய்து, எதிரியை ஓடவிட்டுக் களைப்படையச் செய்யலாம். இரட்டையரில் தொடக்க அடி விழ வேண்டிய கட்டம் பின்கோட்டுக்கு இரண்டரை அடி முன்னரே முடிந்துவிடும். ஆதலால் அப்பந்தை உயரத் தூக்கினால் எதிரி துள்ளிப் பாய்ந்து அறைந்துவிடுவார். தொடக்க அடி வலையை உராய்வது போலத் தாழ்ந்து செல்ல வேண்டும். ஒரு விரற்கடை உயர்ந்தாலும் கேடு. சற்றுத் தாழ்ந்தாலும் கேடு.

தாக்கும் வேளையில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்பர். பின்னிற்பவர் அறைவார், முன்னிற்பவர் வலையருகே காத்திருந்து, தடுமாறித் திரும்பும் பந்தை முடித்துவிடுவார். தற்காக்கும் வேளையில் இருவரும் பக்கத்திற்கொருவராகப் பிரிந்து நிற்பர். இவ்விரு நிலைகளுக்கும் இடையே கண்ணிமைப்பொழுதில் மாறிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றினும் கடினமானது இருவருக்கும் நடுவே வரும் பந்து. இருவரும் கை நீட்டினால் மட்டைகள் மோதும். இருவரும் விட்டுவிட்டால் பந்து தரையில் விழும். வலிமை மிக்க இரு வீரர்களைச் சேர்த்து நிறுத்தினால் மட்டும் நல்ல இணை அமைந்துவிடுவதில்லை என்பதற்கு அந்த நடுப்பந்தே சான்று.

குணாளனுக்கு வாய்த்த துணைவர் இங் பூன் பீ என்பார். அவர் 1937ஆம் ஆண்டு பிறந்தவர். குணாளனினும் ஏழாண்டு மூத்தவர். வலிய உடற்கட்டும் விரைந்த கால்களும் உடைய அவர் அக்காலத்துத் தலைசிறந்த இரட்டையர் ஆட்டக்காரருள் ஒருவராக மதிக்கப்பெற்றார். தான் யீ கான் என்னும் வீரரோடு சேர்ந்து 1965ஆம் ஆண்டிலும் 1966ஆம் ஆண்டிலும் அனைத்து இங்கிலாந்துப் பந்தயத்தில் அவர் பட்டம் பெற்றார். உலகப் பட்டப் பந்தயம் 1977ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் அனைத்து இங்கிலாந்துப் பட்டமே உலகப் பட்டத்திற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. 1967ஆம் ஆண்டு சகார்த்தாவில் இந்தோனேசியாவை எதிர்த்துத் தாமஸ் கோப்பையை மலேசியா மீட்டபோதும் அவ்விணை துணை நின்றது.

அப்பேரிணை கலைந்த பின்னர், தான் யீ கான் நின்ற இடத்தில் நிற்கும் பொறுப்பு குணாளனைச் சேர்ந்தது. இது எளிய செயலன்று. புகழ்பெற்ற ஒருவரின் இடத்திற்கு வருபவரை மக்கள் முதலில் ஒப்பிட்டே நோக்குவர். வென்றால் மூத்தவரின் திறம் என்பர். தோற்றால் புதியவரின் குறை என்பர். மேலும் குணாளன் ஒற்றையர் ஆட்டத்திலும் வல்லவர். தனித்து ஆடிப் பழகியவர் எல்லாப் பந்தையும் தாமே அடிக்க விழைவது இயல்பு. அவரோ வன்மையினும் நுண்மையை நம்பியவர். பந்து போகும் வழியை முன்னரே உணர்ந்து, எதிரி எதிர்பாராத மூலைக்கு அதை மெல்லத் திருப்புவதில் வல்லவர். மூத்தவரின் வேகமும் இளையவரின் சூழ்ச்சித் திறனும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. 1969ஆம் ஆண்டு மணிலா நகரில் நடந்த ஆசியப் பட்டப் பந்தயத்தில் இவ்விணை வாகை சூடியது.

1970ஆம் ஆண்டு அவர் வாழ்வில் துன்பமும் இன்பமும் கலந்து வந்த ஆண்டு. அவ்வாண்டு தாமஸ் கோப்பையின் இறுதிப் போட்டி கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. ஒன்பது ஆட்டங்கள் கொண்ட அப்போட்டியில் ஏழை இந்தோனேசியா வென்றது. மலேசியாவுக்குக் கிடைத்தவை இரண்டே. சொந்த மக்களின் கண்ணெதிரே கோப்பை கைவிட்டுப் போயிற்று. அப்பொழுது இந்தோனேசிய அணியின் முதல் வீரராக விளங்கியவர் ரூடி ஹார்த்தோனோ. பதினெட்டு வயதிலேயே, 1968ஆம் ஆண்டில், அனைத்து இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை வென்ற அவரை அதன்பின் பல்லாண்டுகள் அப்பந்தயத்தில் யாராலும் வீழ்த்த முடியவில்லை. அவர் பெயர் குணாளனின் வாழ்வில் மீண்டும் மீண்டும் வரும்.

தோல்வி நடந்த சில வாரங்களிலேயே எடின்பரோ நகரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்றன. அங்கே குணாளனும் பூன் பீயும் இரட்டையர் தங்கப் பதக்கத்தை வென்றனர். ஆண்டின் இறுதியில் பாங்காக்கு நகரில் ஆசிய விளையாட்டுகள் தொடங்கின. இரட்டையர் தங்கம் அங்கும் அவர்களுடையதாயிற்று. அதனினும் பெரிய செய்தி ஒற்றையரில் நிகழ்ந்தது. இந்தோனேசியாவின் புகழ்பெற்ற வீரராகிய முல்யாதியை எதிர்த்துக் கடும்போர் புரிந்து, அத்தங்கத்தையும் குணாளனே பெற்றார். ஒரே விளையாட்டு விழாவில் தனித்தும் துணைவரோடும் தங்கம் வெல்வது எக்காலத்தும் அருமையே. ஒன்று மற்றதன் பழக்கத்தைக் கெடுக்கும் என்பது ஆட்டக்காரர் பலரின் கருத்து. ஒற்றையருக்குப் பொறுமை வேண்டும். இரட்டையருக்குப் பாய்ச்சல் வேண்டும். இரண்டையும் ஓர் உடலில் வைத்திருந்தார் அவர்.

1971ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டன் மாநகரின் வெம்பிளி அரங்கில் அனைத்து இங்கிலாந்துப் பந்தயம் கூடிற்று. இரட்டையர் இறுதியாட்டத்திற்குக் குணாளனும் பூன் பீயும் வந்தனர். எதிரே நின்றவர்கள் இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவும் இந்திரா குணவானும். ஹார்த்தோனோ அதே பந்தயத்தில் ஒற்றையர் பட்டத்தை நான்காம் முறையாகத் தொடர்ந்து வென்றவர். முந்தைய ஆண்டு கோலாலம்பூரில் கோப்பையைக் கொண்டுசென்ற அணியின் தலைமகன் அவர். இரட்டையர் பட்டமும் அவருக்கே என்று எண்ணியவர் அரங்கில் சிலரேனும் இருந்திருப்பர்.

அக்கால முறைப்படி, பந்தைத் தொடங்கி அடிக்கும் அணிக்கே புள்ளி கிடைக்கும். தொடங்காத அணி நன்றாக ஆடி வென்றாலும் அதற்குக் கிடைப்பது தொடங்கும் உரிமை மட்டுமே. ஆகவே பெரிய இடைவெளியில் ஒரு பக்கம் வெல்லுவதென்றால், எதிரணி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதைப் புள்ளி பெறாமல் திருப்பியனுப்ப வேண்டும். மலேசிய இணை அதனையே செய்தது. முதலாட்டம் பதினைந்துக்கு ஐந்து. இரண்டாமாட்டம் பதினைந்துக்கு மூன்று. இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணி பெற்றது எட்டுப் புள்ளிகளே. உலகின் முதல் ஒற்றையர் வீரர் அன்று இரட்டையர் களத்தில் நின்றார். அவர்முன் நின்றது ஓர் இணை. பூன் பீக்கு அது மூன்றாவது பட்டம், குணாளனுக்கு முதற்பட்டம். தான் யீ கானின் இடத்திற்கு வந்தவர் என்னும் பேச்சு அத்தோடு ஓய்ந்தது.

டென்மார்க்கு, கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலிய இடங்களிலும் இவ்விணை பட்டங்கள் பெற்றது. 1972ஆம் ஆண்டு மூனிக்கு நகரில் ஒலிம்பிக்கு விளையாட்டுகள் நடந்தபோது, இறகுப்பந்து ஒரு காட்சி ஆட்டமாக ஒரே நாளில் நடத்திக் காட்டப்பட்டது. இறுதியில் இந்தோனேசியாவின் ஆடே சந்திராவும் கிறிஸ்டியன் ஹாடினாத்தாவும் மூன்று ஆட்டங்களில் மலேசிய இணையை வென்றனர். அப்பந்தயத்தின் பதக்கங்கள் ஒலிம்பிக்குக் கணக்கிற் சேரவில்லை. இறகுப்பந்து முழு உரிமையுடன் ஒலிம்பிக்கில் இடம்பெற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் மலேசியா தன் முதல் ஒலிம்பிக்குப் பதக்கத்தைப் பெற்றதும் இறகுப்பந்து இரட்டையரிலேயே. ரசீப் சிடேக்கு, சலானி சிடேக்கு என்னும் உடன்பிறந்தார் அவ்வெண்கலத்தை வென்றனர்.

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சு நகரில் காமன்வெல்த் விளையாட்டுகள் கூடின. குணாளன் முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். ஓட்டமும் துள்ளலும் மிகுந்த இவ்வாட்டத்தில் அது இளமை கழியும் வயது. பூன் பீ இப்போது உடன் இல்லை. டொமினிக்கு சூங் என்னும் இளைஞர் துணைவராக வந்தார். முன்பு மூத்தவரின் துணையாக நின்றவர், இப்போது தாமே மூத்தவராக நின்றார். ஒற்றையரில் ஒன்று, இரட்டையரில் ஒன்று என இரண்டு தங்கங்களோடு அவர் நாடு திரும்பினார்.

அடுத்த சில வாரங்களில் வெம்பிளி அரங்கம் அவரை மீண்டும் கண்டது. இம்முறை தனித்து, ஒற்றையர் இறுதியாட்டத்தில். எதிரே ஹார்த்தோனோ, ஏழாவது பட்டத்தைத் தொடர்ந்து பெற வந்திருந்தார். வயதில் அவர் ஐந்தாண்டு இளையவர். முதலாட்டத்தைக் குணாளன் பதினைந்துக்கு எட்டு என்று கைப்பற்றினார். ஆறு ஆண்டுகளாக அசையாத ஆட்சி அன்று சற்றே ஆட்டங்கண்டது. பின்னர் ஹார்த்தோனோ வேகத்தைக் கூட்டினார். வயதின் சுமை மறுபக்கத்தில் வெளிப்பட்டது. அடுத்த இரண்டு ஆட்டங்களும் பதினைந்துக்கு ஒன்பது, பதினைந்துக்குப் பத்து என்று இந்தோனேசியருக்குச் சென்றன. அனைத்து இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் குணாளனுக்குக் கிட்டாமலே போயிற்று.

மட்டையைக் கீழே வைத்த பின்னர் ஆட்டத்தை அவர் விட்டுவிடவில்லை. மலேசிய இறகுப்பந்துச் சங்கத்தின் செயலாளராக உழைத்தார். பின்பு அனைத்துலகச் சம்மேளனத்தின் துணைத்தலைவர் பொறுப்பை ஏற்றார். இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் இருந்த அதன் தலைமையகம் 2005ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கு மாறியது. அடுத்த ஆண்டில் அது உலக இறகுப்பந்துச் சம்மேளனம் என்னும் பெயரையும் பெற்றது.

அக்காலத்தில் அவர் முன்னின்று நிறைவேற்றிய மாற்றம் ஒன்று உலகெங்கும் உள்ள ஒவ்வோர் ஆடுகளத்தையும் தொட்டது. தொடங்குபவருக்கே புள்ளி என்னும் பழைய முறையில் ஓர் ஆட்டம் எப்பொழுது முடியும் என்று யாராலும் கூற இயலாது. உரிமை மாறி மாறிச் செல்ல, புள்ளிப் பலகை அசையாமல் நிற்கும். 1997ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பட்டப் பந்தயத்தின் ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீண்டது. தொலைக்காட்சியில் காட்டுவோர்க்கு இஃது இடர்ப்பாடாயிற்று. ஏழு புள்ளிகள் கொண்ட ஐந்து ஆட்டங்கள் என்னும் முறையைச் சிறிது காலம் நடத்திப் பார்த்துக் கைவிட்டனர். 2006ஆம் ஆண்டில் புதுமுறை ஏற்கப்பட்டது. ஒவ்வொரு முறை பந்து விழும்போதும், யார் தொடங்கினும், வென்றவருக்கு ஒரு புள்ளி. இருபத்தொரு புள்ளிகள் பெற்றால் ஓர் ஆட்டம். இரட்டையரில் அணிக்கு இருமுறை தொடங்கும் உரிமை இருந்தது. அது ஒருமுறையாகக் குறைந்தது.

எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. பின்தங்கியவர் பொறுமையாக மீண்டு வரும் அழகு அழிந்துபோம் என்று பழைய ஆட்டக்காரர் பலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. வெம்பிளியில் குணாளன் பெற்ற வெற்றியே பழைய முறையின் அழகில் விளைந்ததுதான். தம்மை உயர்த்திய முறையைத் தாமே மாற்ற முன்வருவதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும். புதிய முறையில் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டாயிற்று. தொடக்க அடியைத் தவறவிட்டால் உரிமையோடு புள்ளியும் போகும். ஆட்டங்களின் நேரம் சுருங்கியது; விறுவிறுப்பு மிகுந்தது.

ஆடுகளத்தில் துணைவரோடு இணங்கிச் சென்றவருக்கு அலுவலகத்தில் அவ்விணக்கம் வாய்க்கவில்லை. சம்மேளனத்தின் தலைவருக்கும் அவருக்கும் இடையே கருத்து வேறுபாடு தோன்றி முற்றியது. உறுப்பு நாடுகளும் இரு பிரிவாயின. நடுவில் வந்த பந்தை இருவரும் அடிக்க முனைந்தனர் என்று சொல்லலாம். 2008ஆம் ஆண்டில் குணாளன் பொறுப்பினின்று விலகினார்.

ஈரல் புற்றுநோய்க்கு ஆளான அவர் 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தமது அறுபத்தெட்டாம் வயதில் காலமானார். அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர், இலண்டன் ஒலிம்பிக்கில் மலேசிய வீரர் லீ சொங் வெய் ஒற்றையர் இறுதியாட்டம் ஆடினார். அவ்வாட்டம் இருபத்தொரு புள்ளி முறையிலேயே எண்ணப்பட்டது. மூத்தவராகிய இங் பூன் பீ, இளையவருக்குப் பின்னரும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்து, 2022ஆம் ஆண்டு மறைந்தார்.